பாதிப் பட்டியல்: ஒரு திருப்பூர் நிறுவனத்தின் விக்கியில் காணாமல் போன சாயப்பட்டறைகள்

பின்னணி

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் நடந்தது இது. அங்கே துணி ஒரே இடத்தில் சட்டையாகி வெளியே வருவதில்லை. நூல் நிட்டிங்குக்குப் போகும், அப்புறம் சாயப்பட்டறை, காம்பாக்டிங் (துணி பின்னர் சுருங்காதபடி அழுத்திச் சீராக்குவது), கட்டிங், பிரிண்டிங் அல்லது எம்பிராய்டரி, பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதில் பெரும்பகுதி வெளி யூனிட்களில் ஜாப் ஒர்க்காக நடக்கும். பல்லடம், மங்கலம், அவிநாசி, சோமனூர், பொங்கலூர், கொடுவாய், பெருந்துறை, ஈரோடு என்று யூனிட்கள் பரவிக் கிடக்கின்றன. எந்த ஆர்டரின் துணி எந்த யூனிட்டுக்குப் போனது என்பதை முன்பு ஆளுக்கொரு எக்செல் ஷீட்டில் வைத்திருந்தார்கள். பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று எக்ஸ்விக்கி என்ற விக்கி மென்பொருளுக்கு மாற்றினார்கள். பின்னால் இருந்தது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். இந்த விக்கியைப் பராமரிக்கும் வேலை எங்கள் சிறு குழுவினுடையது.

எக்ஸ்விக்கியில் ஒரு பக்கத்தில் உரை மட்டுமல்ல, கிளாஸ் என்ற படிவ அமைப்பு ஒன்றை வரையறுத்து அதன் ஃபீல்டுகளில் தகவலையும் வைக்கலாம். இங்கே மூன்று கிளாஸ்கள் இருந்தன. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு பக்கம், கம்பெனி வண்டி போகும் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம். ஆர்டர் பக்கத்தில் ‘சாயப்பட்டறை’ என்ற ஃபீல்டு டேட்டாபேஸ் லிஸ்ட் வகை. அதாவது அதில் வரும் தேர்வுகளை யாரும் கையால் எழுதி வைப்பதில்லை. கிளாஸில் ஒரு கியூரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) இருக்கும், பக்கத்தைத் திருத்தத் திறக்கும்போது அது ஓடி யூனிட் பெயர்களைக் கொண்டுவந்து கொட்டும். கியூரி தரும் முதல் நெடுவரிசை ஆர்டர் பக்கத்தில் சேமிக்கப்படும் மதிப்பு, இரண்டாவது கண்ணுக்குத் தெரியும் பெயர்.

சாயப்பட்டறை ஃபீல்டு வெறும் விவரம் அல்ல. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதைத் திருப்பூரில் யாரும் மறக்கவில்லை. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத பட்டறையில்தான் துணி சாயமேறியது என்று காட்டுவது அதன்பின் தொழிலின் பாகமாகிவிட்டது. ஆர்கானிக் பருத்தி ஆர்டர் என்றால் ஜி.ஓ.டி.எஸ். என்ற உலக ஆர்கானிக் ஜவுளித் தரத்தின் விதிப்படி, துணி கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த யூனிட்டுக்குச் சான்றிதழ் இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தணிக்கைக்கு வருபவர் ஒரு ஆர்டர் எண்ணைச் சொல்லி, இது எங்கே சாயமேறியது என்று கேட்டால், பதில் அந்த ஃபீல்டில் இருக்க வேண்டும்.

முதலில் தெரிந்தது

ஒரு காலை, சாயப்பட்டறைப் பட்டியல் யாருக்கும் வரவில்லை. ஆர்டர் பக்கத்தைத் திருத்தத் திறந்தால் ஃபீல்டு காலியாக இருந்தது. பக்கத்தை வெறுமனே பார்க்கும்போது ஏற்கெனவே சேமித்த மதிப்பு இருந்தது, திருத்தத் திறந்தால்தான் இல்லை. திரையில் பிழைச் செய்தி எதுவும் கிடையாது.

பட்டியல் ஏன் காலி என்று தேடுவதற்கு முன்பே எங்களைக் கவலைப்படுத்தியது வேறொன்று. ஒரு மெர்ச்சண்டைசர் (ஆர்டரைத் தொடக்கம் முதல் ஷிப்மென்ட் வரை கவனிப்பவர்) டெலிவரி தேதியை மாற்றுவதற்காக அன்று காலை ஒரு ஆர்டரைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றிச் சேமித்திருந்தார். அந்த ஆர்டரில் இப்போது சாயப்பட்டறை பெயரே இல்லை. காரணம் எளிது. சேமித்த மதிப்பு பட்டியலில் இல்லாவிட்டால், உலாவி அந்தத் தேர்வுப் பெட்டியில் முதலில் இருக்கும் காலித் தேர்வைப் பிடித்துக்கொள்ளும். சேமி என்று அழுத்தியதும் அந்தக் காலி, பழைய மதிப்பின் மேல் போய் உட்காரும். அவர் அந்த ஃபீல்டைத் தொடவே இல்லை. ஆனால் தகவல் போய்விட்டது.

முதல் முடிவு: திருத்துவதை நிறுத்துவது

கியூரியைத் தொடும் முன் ஆர்டர் பக்கங்களுக்கான திருத்தும் உரிமையை எல்லோரிடமிருந்தும் தற்காலிகமாக எடுத்தோம். எக்ஸ்விக்கியில் கருத்து எழுதும் உரிமை தனி, திருத்தும் உரிமை தனி. ஆகவே மாற்ற வேண்டியதை அந்தந்த ஆர்டர் பக்கத்தின் கீழே கருத்தாக எழுதுங்கள், பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று சொன்னோம். ஷிப்மென்ட் நெருங்கிய நேரத்தில் இப்படிப் பூட்டுவதா என்று தயாரிப்புப் பிரிவில் எதிர்ப்பு வந்தது. நியாயமான எதிர்ப்புதான். ஆனால் பட்டியல் சரியாக இல்லாத ஒவ்வொரு நிமிடமும் ஒவ்வொரு சேமிப்பும் ஒரு பதிவை அழிக்கும். அழிந்ததை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். இந்த நிகழ்வு முழுவதிலும் எடுத்த முடிவுகளில் மிகவும் பயன்பட்டது இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்து, ஃபீல்டின் அமைப்பில் இருந்த ‘கேஷ்’ தேர்வை அணைத்தோம். அது இயங்கினால் கியூரியின் விடையை விக்கி நினைவில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் காட்டும். யூனிட் பக்கத்தில் செய்யும் திருத்தம் பட்டியலில் தெரியாது. அந்த நிலையில் எதைச் சோதித்தாலும் பழைய விடைதான் வரும், நாமும் சரியான திருத்தத்தைத் தவறு என்று தள்ளிவிடுவோம். பழைய சர்வர் மெதுவாக ஓடிய காலத்தில் அதை இயக்கியிருந்தார்கள்.

நிர்வாகி கணக்கிலும் மெர்ச்சண்டைசர் கணக்கிலும் நுழைந்து பார்த்தோம். இரண்டிலும் பட்டியல் காலி. பார்க்கும் உரிமையால் வந்த வேறுபாடு இல்லை என்று அதை ஒதுக்கினோம்.

காலிப் பட்டியலின் காரணம்

கிளாஸின் கியூரியை அப்படியே எடுத்து, நிர்வாகி மட்டும் பார்க்கும் ஒரு சோதனைப் பக்கத்தில் ஒட்டி, நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நீக்கி ஓட்டினோம். இதற்கு எக்ஸ்விக்கியின் கியூரி வசதியே போதும். கூடவே, விக்கிக்கும் டேட்டாபேஸுக்கும் இடையில் நிற்கும் ஹைபர்னேட் உருவாக்கும் எஸ்கியூஎல் வரிகளை லாகில் எழுதும்படி நிர்வாகப் பக்கத்தில் மாற்றினோம். முழு கியூரி சுழியம் வரிகளைத் தந்தது. ‘வேலை வகை சாயம்’ என்ற நிபந்தனையை எடுத்ததும் வரிகள் வந்தன.

எக்ஸ்விக்கி எல்லா ஃபீல்டுகளின் மதிப்பையும் ஒரே டேபிளில் வைப்பதில்லை. சிறிய எழுத்துச்சரத்துக்கு ஒன்று, நீண்ட உரைக்கு ஒன்று, எண்ணுக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று என்று மதிப்பின் வகைக்கேற்பப் பிரித்து வைக்கிறது. பல தேர்வுகளை அனுமதிக்கும் பட்டியலை, உறவுமுறைச் சேமிப்பு என்ற தேர்வோடு வைத்தால் அதன் மதிப்புகள் வேறொரு டேபிளுக்குப் போகும். கியூரி எழுதுபவர் எந்த வகை என்று தெரிந்து அந்த வகையின் பெயரைச் சொல்லித்தான் தேட வேண்டும்.

முந்தைய நாள் மாலை, ‘வேலை வகை’ ஃபீல்டைப் பல தேர்வாக மாற்றியிருந்தார்கள். சாயமும் காம்பாக்டிங்கும் ஒரே இடத்தில் செய்யும் யூனிட்கள் அதிகரித்ததால் அந்த மாற்றம் தேவையானதுதான். ஆனால் ஆர்டர் கிளாஸில் இருக்கும் கியூரி யூனிட் கிளாஸின் ஃபீல்டு வகையை நம்பி எழுதப்பட்டது. அது சாதாரண எழுத்துச்சரத்திலேயே தேடிக்கொண்டிருந்தது. தேடிய இடத்தில் எதுவும் இல்லாதது கியூரிக்குப் பிழை அல்ல. சுழியம் வரி என்பதும் ஒரு சரியான விடைதான். அதனால்தான் எந்தச் செய்தியும் வரவில்லை.

பல தேர்வுப் பட்டியலுக்குரிய வகையில் தேடும்படி கியூரியை மாற்றினோம். பட்டியல் வந்தது.

பாதிப் பட்டியல்

எல்லோருக்கும் நிம்மதி. பூட்டைத் திறக்கச் சொன்னார்கள். திறக்கவில்லை. யூனிட் பக்கங்களில் சாயம் என்று குறிக்கப்பட்டவை எத்தனை, பட்டியலில் வந்தவை எத்தனை என்று இரண்டையும் வைத்துப் பார்த்தோம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வரவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. இந்தக் குறை அன்று காலை வந்ததல்ல. ஆர்டர் பக்கங்களின் ‘குறிப்பு’ ஃபீல்டைப் படித்தால், பல மாதங்களாகவே மெர்ச்சண்டைசர்கள் அதில் பட்டறையின் பெயரை எழுதி வந்திருந்தார்கள். பட்டியலில் தங்கள் யூனிட் வராதபோது வேலை நிற்கக் கூடாது என்று அவரவர் கண்டுபிடித்த வழி அது. யாரும் புகார் சொல்லவில்லை, காரணம் பெரும்பாலான பெயர்கள் வந்துகொண்டுதான் இருந்தன. காலிப் பட்டியலை ஒரு காலைக்குள் கண்டுபிடித்துவிட்டோம். பாதிப் பட்டியல் பல மாதம் ஒளிந்திருந்தது. அதே மாதங்களில் அது ஆர்டர்களையும் ஒன்றிரண்டாக அழித்துக்கொண்டிருந்தது.

வராத யூனிட்களை ஒரு தாளில் எழுதினோம். முதலில் சான்றிதழ் காலாவதியானவை. ஆர்கானிக் ஆர்டருக்கு அவற்றைக் காட்டக் கூடாது என்று கியூரியில் தேதி நிபந்தனை இருந்தது, அது சரியாகவே வேலை செய்தது. அவற்றைத் தாளிலிருந்து அடித்தோம். வராதது எல்லாம் பிழை என்று எண்ணி நிபந்தனைகளைத் தளர்த்தியிருந்தால், காலாவதியான யூனிட்டுக்குத் துணி போயிருக்கும்.

மீதியில் ஒரு கூட்டத்துக்குக் காரணம் ‘இயக்கத்தில்’ என்ற ஆம்-இல்லை ஃபீல்டு. அதை யூனிட் கிளாஸில் சேர்த்தது பிற்பாடு. கிளாஸில் புதிய ஃபீல்டு சேர்த்தால், ஏற்கெனவே இருக்கும் பக்கங்களுக்கு டேட்டாபேஸில் அந்த ஃபீல்டின் வரி தானாக உருவாவதில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து ஒருமுறை சேமித்தால்தான் உருவாகும். இந்தக் கியூரியோ ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு வரி இருந்தே ஆக வேண்டும் என்ற அமைப்பில் எழுதப்பட்டது. வரி இல்லாத யூனிட் ‘ஆம்’ பக்கமும் இல்லை, ‘இல்லை’ பக்கமும் இல்லை, விடையிலிருந்தே விழுந்துவிடும். பல வருடமாக மாறாமல் நம்பிக்கையாக நடக்கும் யூனிட்களின் பக்கத்தை யாரும் திறந்து சேமிப்பதில்லை. ஆகவே விழுந்தவை பெரும்பாலும் பழைய, நல்ல யூனிட்கள்.

இரண்டு ஈரோடு

இதற்குப் பிறகும் ஒரு கூட்டம் மீந்தது. அவற்றில் எல்லா ஃபீல்டும் நிரம்பியிருந்தன. எல்லாமே இயக்கத்தில், சான்றிதழ் செல்லுபடி, வேலை வகை சாயம். ஒரே ஊரில் ஒரு யூனிட் வருகிறது, இன்னொன்று வரவில்லை. அதனால் ஊரில் பிரச்சினை இருக்கும் என்று முதலில் எங்களுக்குத் தோன்றவில்லை.

வழி காட்டியது ஒரு மெர்ச்சண்டைசர். யூனிட்களைத் தேடும் பக்கத்தில் ஊர் வாரியாகப் பிரித்துப் பார்க்க ஒரு பெட்டி உண்டு. யூனிட் பக்கங்களில் உள்ள ஊர்ப் பெயர்களை, ஒரே பெயர் திரும்ப வராமல் தரும் கியூரி அதை நிரப்பும். “அண்ணா, இதுல ஈரோடு ரெண்டு வாட்டி வருதுங்க. எதைங்க எடுக்கறது?” என்று கேட்டார். எழுத்துப் பிழை இருக்கும் என்று பார்த்தோம். பிழை இல்லை. திரையில் இரண்டும் ஒன்றுதான்.

டேட்டாபேஸில் இரண்டின் நீளத்தையும் கேட்டோம். ஒன்று 5, மற்றொன்று 6.

ஈரோடு என்பதில் உள்ள ‘ரோ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ர என்ற எழுத்தை அடுத்து ஓகாரக் குறி ஒன்றே ஒன்று (எண் 3019) என்பது ஒரு விதம். ர-வை அடுத்து ஏகாரக் கொம்பும் (3015) காலும் (3006) தனித்தனியாக என்பது இன்னொரு விதம். இரண்டும் சமமானவை என்றே யூனிகோடு வரையறுக்கிறது, எழுத்துருவும் ஒரே மாதிரிதான் காட்டும். ஒகரத்துக்கும் இதே கதை: 3018 ஒரு குறியாக, அல்லது 3014-உம் 3006-உம் சேர்ந்து. ஆனால் போஸ்ட்கிரெஸ் இயல்பாக இரண்டு சொற்களை ஒப்பிடும்போது எண்களைத்தான் பார்க்கும். அதற்கு இவை வெவ்வேறு ஊர்கள்.

உடனே தாளைத் திரும்பப் பார்த்தோம். மிஞ்சியிருந்த யூனிட்களில் பெரும்பாலானவை சோமனூர், பொங்கலூர், கொடுவாய், கோபி, ஈரோடு. இந்தப் பெயர் ஒவ்வொன்றிலும் ஒகரமோ ஓகாரமோ உயிர்மெய்யாக இருந்தது. பல்லடம், மங்கலம், காங்கேயம், பெருந்துறை யூனிட் ஒன்றுகூட அந்தக் கூட்டத்தில் இல்லை.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதும் தெளிவானது. யூனிட் விவரங்களில் பழையவை கணக்குப் பிரிவின் கோப்பிலிருந்து ஏற்றப்பட்டவை. அந்தக் கோப்பு யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் இருந்தது. தமிழக அரசு 1999-இல் டேம், டேப் குறியாக்கங்களைத் தரமாக்கி, 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பல அலுவலகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் கைப்பழக்கமாக இருக்கின்றன. அவற்றில் கொம்பு, எழுத்து, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே மூன்றும் தனித்தனியாகச் சேமிக்கப்படும். மாற்றித் தரும் நிரல் கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்தியது, அது சரி. ஆனால் கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்க்காமல் விட்டது. ஊர்ப் பட்டியலையும் பின்னாளில் வந்த யூனிட்களையும் விசைப்பலகையில் நேரடியாக யூனிகோடில் அடித்தார்கள். அவை சேர்ந்த வடிவம். ஒரே ஈரோட்டில் புதிய யூனிட் வந்து பழையது வராமல் போனது இதனால்தான்.

கியூரியில் ஊர் எதற்கு வந்தது என்று கேட்கலாம். வண்டி போகாத ஊரின் யூனிட்டைத் தெரியாமல் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது என்று, யூனிட்டின் ஊர்ப் பெயர் ஊர்ப் பட்டியலின் பெயரோடு பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையை ஒருவர் பிற்பாடு சேர்த்திருந்தார். நோக்கம் நல்லது. பெயரை வைத்து இணைத்ததுதான் பலவீனம்.

எங்கள் குழுவில் ஒருவர் தமிழ் விக்கிப்பீடியாவில் நீண்ட காலம் எழுதியவர். அங்கே இப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி, உள்ளே வரும் உரையை எல்லாம் யூனிகோடின் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் சேமிக்கும். இந்த நிறுவனத்தின் எக்ஸ்விக்கியில் வந்த எழுத்து வந்தபடியே இருந்தது. ஒரு விக்கியில் பழகியதை இன்னொன்றிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி, தரவைச் சரிசெய்வதா, ஒப்பிடும் விதத்தை மாற்றுவதா. போஸ்ட்கிரெஸ் 13-ஆம் பதிப்பு முதல் என்எஃப்சிக்கு மாற்றும் ஃபங்ஷன் உண்டு. கியூரிக்குள்ளேயே இரண்டு பக்கத்தையும் மாற்றி ஒப்பிட்டுவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றோம். இந்தக் கியூரி சரியாகும், அடுத்து எழுதும் கியூரி மறுபடி விழும். தேடும் பக்கத்தில் இரண்டு ஈரோடும் அப்படியே இருக்கும்.

தரவைத்தான் சரிசெய்வது என்றானபின், டேட்டாபேஸில் நேரடியாக ஒரு அப்டேட் ஓட்டலாமா என்பது அடுத்த கேள்வி. நொடியில் முடியும் வேலை. ஆனால் விக்கி பக்கங்களை நினைவில் வைத்திருக்கும், பின்வழியாக மாற்றினால் அதற்குத் தெரியாது. பக்க வரலாற்றிலும் மாற்றம் பதியாது, தேடல் அட்டவணையும் பழையதாகவே நிற்கும். ஆகவே டேட்டாபேஸில் பார்க்க மட்டும் செய்தோம், எந்தெந்தப் பக்கங்களில் பிரிந்த வடிவம் இருக்கிறது என்று. மாற்றியது விக்கிக்குள் ஓடும் குரூவி என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட். எழுத்துக் குறிகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஜாவாவின் நார்மலைசர் அதற்குள் கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்து, ஃபீல்டுகளை என்எஃப்சிக்கு மாற்றி, ‘இயக்கத்தில்’ வரி இல்லாவிட்டால் மதிப்பு கொடுத்து, என்ன செய்தோம் என்ற குறிப்போடு சேமித்தது. ‘இயக்கத்தில்’ மதிப்பை மட்டும் ஸ்கிரிப்ட் தானாக முடிவு செய்யவில்லை. மூடிவிட்ட யூனிட்கள் எவை என்று கொள்முதல் பிரிவில் கேட்டு வாங்கிய பட்டியலிலிருந்து எடுத்தது.

சனிக்கிழமை வாரச் சம்பளம், அன்று எதையும் தொட முடியாது. ஸ்கிரிப்டை ஞாயிற்றுக்கிழமை ஓட்டினோம், முழு பேக்கப் எடுத்துவைத்து, முதலில் அதன் நகலில் ஓட்டிப் பார்த்த பிறகு.

அப்படியும் சில யூனிட்கள் வரவில்லை. கோவைப் பக்கம் கவுண்டம்பாளையத்தில் இருக்கும் யூனிட்டின் பக்கத்தில் ‘கௌண்டம்பாளையம்’ என்று இருந்தது. அந்த ‘கௌ’விலும் கடைசியில் இருந்தது ஔகாரக் குறி அல்ல, கொம்பைப் போட்டு அடுத்து ள என்ற எழுத்தை அடித்திருந்தார்கள். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் இதை யூனிகோடு சமம் என்று சொல்வதில்லை, எந்த நார்மலைசரும் சேர்த்து வைக்காது. அவிநாசியை அவினாசி என்று எழுதியவர்களும் இருந்தார்கள், கோபியைக் கோபிசெட்டிபாளையம் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். இவற்றை ஒருவர் உட்கார்ந்து கையால் சரிசெய்தார்.

இதைப் பார்த்த பிறகுதான் கடைசி முடிவில் எல்லோரும் ஒத்துப்போனார்கள்: யூனிட் பக்கத்தில் ஊரை உரையாக எழுதும் ஃபீல்டே வேண்டாம். ஊர்ப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் டேட்டாபேஸ் லிஸ்டாக அதை மாற்றினோம். சேமிப்பது ஊர்ப் பக்கத்தின் முழுப் பெயர், அதை ஆங்கில எழுத்தில் வைத்தோம். கண்ணுக்குத் தெரிவது தமிழ்த் தலைப்பு. கியூரி இப்போது பக்கத்தைப் பக்கத்தோடு இணைக்கிறது. ‘இயக்கத்தில்’ நிபந்தனையையும் திருப்பி எழுதினோம். ஆம் என்ற வரி இருக்க வேண்டும் என்பதற்குப் பதிலாக, இல்லை என்று சொல்லும் வரி இருக்கக் கூடாது என்று. இப்போது வரியே இல்லாத பக்கமும் பட்டியலில் வரும். விட்டுப்போவதைவிட அதிகமாக ஒன்று வருவது மேல், அதிகமாக வந்தால் யாராவது சொல்வார்கள்.

அழிந்ததை மீட்டது

எக்ஸ்விக்கி ஒவ்வொரு சேமிப்பையும் ஒரு பதிப்பாக வைத்திருக்கும், ஃபீல்டுகளின் மதிப்பும் அதில் அடக்கம். முந்தைய ஒரு பதிப்பில் சாயப்பட்டறை இருந்து பின்னர் காலியான ஆர்டர் பக்கங்களை ஒரு ஸ்கிரிப்ட் தேடித் தந்தது. அந்தக் காலை வேளையில் அழிந்தவை சில. பழைய மாதங்களில் அழிந்தவை அதைவிட நிறைய.

ஸ்கிரிப்டே அவற்றைத் திரும்ப நிரப்பிவிடட்டும் என்ற கருத்து வலுவாக இருந்தது. நாங்கள் சம்மதிக்கவில்லை. சில ஆர்டர்களில் பட்டறையை மாற்றுவதற்காகவே வேண்டுமென்று காலி செய்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஒன்றில் பழைய பெயரை நிரப்பினால், தணிக்கையில் இல்லாத ஒன்றை இருந்ததாகச் சொல்வதாகும். ஆகவே ஒவ்வொரு மெர்ச்சண்டைசருக்கும் அவரவர் ஆர்டர்களைப் பிரித்துக் கொடுத்து, டெலிவரி சலானை எடுத்துப் பார்த்து உறுதி செய்தபின் நிரப்பச் சொன்னோம். ‘குறிப்பு’ ஃபீல்டில் எழுதி வைத்திருந்த பெயர்கள் இங்கே கை கொடுத்தன. சலான் கிடைக்காதவற்றில் ‘உறுதி செய்யப்படவில்லை’ என்றே பதிந்தோம், அவற்றில் பழைய பெயரை ஏற்றவில்லை. இதற்குத்தான் மொத்த வேலையில் அதிக நேரம் பிடித்தது, கியூரியைச் சரிசெய்ததற்கு அல்ல.

பின்னர் வந்த தணிக்கையில் கேட்ட ஆர்டர்களுக்குப் பட்டறை விவரம் காட்ட முடிந்தது. உறுதி செய்யப்படாதவை என்று குறித்திருந்ததையும் மறைக்காமல் காட்டினார்கள். காரணத்தை எழுத்தில் கொடுத்தார்கள்.

மாற்றியதும் இனி மாற்ற வேண்டியதும்

நிர்வாகிகளுக்கு ஒரு கண்காணிப்புப் பக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு டேட்டாபேஸ் லிஸ்டுக்கும் கியூரி தரும் எண்ணிக்கை, நிபந்தனை எதுவுமின்றி அந்த கிளாஸில் உள்ள பக்கங்களின் எண்ணிக்கை, இடையில் விழுந்த பக்கங்களின் பெயர்கள் ஆகியவை அதில் வரும். எண்ணிக்கையைவிட அந்தப் பெயர்கள்தான் முக்கியம். கொள்முதல் பிரிவில் ஒருவர் அதைப் பார்த்தால், இது ஏன் இல்லை என்று உடனே சொல்லிவிடுவார். ஐ.டி. ஆளுக்கு அது தெரியாது.

எந்தக் கோப்பிலிருந்து தரவு வந்தாலும் என்எஃப்சிக்கு மாற்றித்தான் ஏற்றுவது என்று ஏற்றும் ஸ்கிரிப்டில் சேர்த்தாயிற்று. சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டிவரும் இடைவெளிகளையும், கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறியையும் (8204) அங்கேயே எடுத்துவிடுகிறது. கௌ, கெள குழப்பத்தை இன்னும் தானாகப் பிடிக்க முடியவில்லை. கெளுத்தி போன்ற நல்ல சொற்களிலும் அந்த வரிசை வரும் என்பதால், சந்தேகத்துக்குரியவற்றைத் தனியே எழுதிவைத்து ஒருவர் பார்க்கும்படி விட்டிருக்கிறோம்.

கிளாஸில் ஒரு ஃபீல்டின் வகையை மாற்றும் முன், அதை நம்பியிருக்கும் கியூரிகள் எவை என்று பார்க்க ஒரு பட்டியல் தேவை. எங்களிடம் இருப்பது கையால் எழுதிய பட்டியல், அது முழுமையாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். கிளாஸ் பக்கங்களைப் படித்து, எந்தக் கியூரியில் எந்த ஃபீல்டின் பெயர் வருகிறது என்று தானாகத் தொகுக்கும் ஸ்கிரிப்ட் எழுதும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

ஆர்டர் படிவத்திலும் ஒரு மாற்றம் செய்தோம். சேமித்த மதிப்பு பட்டியலில் இல்லாவிட்டால், காலித் தேர்வுக்குப் பதிலாக அந்தப் பழைய மதிப்பையே ‘பட்டியலில் இல்லை’ என்ற குறிப்போடு ஒரு தேர்வாகக் காட்டுகிறது. யாரும் தொடாமல் சேமித்தால் பழையது அப்படியே நிற்கும். இப்போது இது சாயப்பட்டறை ஃபீல்டில் மட்டும் இருக்கிறது. பிரிண்டிங், எம்பிராய்டரி, காம்பாக்டிங் ஃபீல்டுகளுக்கும் இதைக் கொண்டுபோவது அடுத்த வேலை. அதுவரை அந்த மூன்று பட்டியல்களின் கிளாஸ்களையும் ஞாயிறு தவிர வேறு நாளில் மாற்றுவதில்லை.